நாளைய திருச்சபையா? உள்ளூர்ச் சபையின் இளைஞர் ஊழியம் பற்றிய ஒரு திறனாய்வு

ஆண்டுக்கு ஒருமுறை நம் சபைகளில் வாலிபர் ஞாயிறு அனுசரிக்கப்படுகின்றது. அன்று திருமறைப் பகுதிகளை வாலிபர் வாசிக்கின்றனர். சிறப்புப் பாடல் பாடுகின்றனர். காணிக்கைப் பைகளை எடுத்துச் செல்கின்றனர். சில சபைகளில் அவர்களுள் ஒருவரே அருளுரையும் ஆற்றுகின்றார். ஆராதனை முடிவில் சபையின் மூத்தவர் ஒருவர் எழுந்து, அவர்களை மனமாரப் பாராட்டி, "இவர்களே நாளைய திருச்சபை" என்று கூறி அமர்கின்றார். சபையாரும் மகிழ்ந்து கலைகின்றனர். அடுத்த ஞாயிறன்று யாவும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. வாலிபரும் கடைசி வரிசைக்கோ, பாடற்குழுவின் இருக்கைகளுக்கோ திரும்பிவிடுகின்றனர். மறு ஆண்டு அதே ஞாயிறு வரும். அதே பாராட்டும் வரும்.

"நாளைய திருச்சபை" என்னும் இச்சொற்றொடர் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதே. நானும் பல மேடைகளில் இதைச் சொல்லியிருக்கின்றேன். ஆயினும் நம் இளைஞர் ஊழியத்தின் பெருங்குறை இச்சொற்றொடருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது என்பது என் துணிபு. இக்குறை முயற்சிக் குறையன்று. முகாம்களும், திருமறை வினாடி வினாப் போட்டிகளும், கீத பவனிகளும், கருத்தரங்குகளும் நம்மிடம் குறைவின்றி நடைபெறுகின்றன. இளைஞரைக் குறித்து நாம் கொண்டுள்ள திருச்சபைக் கோட்பாடே பிழைபட்டிருக்கின்றது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு சொல்லின் பிழை

திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கிறிஸ்துவின் உடலில் உறுப்பாகின்றார். பவுலடிகள் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் கண்ணையும் கையையும் தலையையும் கால்களையும் பற்றிப் பேசுகின்றார். வருங்காலத்தில் உறுப்பாகப்போகின்ற ஓர் உறுப்பைப் பற்றி அவர் எங்கும் பேசவில்லை. உடலில் காத்திருப்போர் பட்டியல் கிடையாது. நம் சபைகளில் திடப்படுத்தல் பெற்ற இளைஞர் திருவிருந்திலும் பங்குபெறுகின்றனர். ஆண்டவருடைய பந்தியில் இன்று இடம்பெற்றிருக்கும் ஒருவரைச் சபையின் ஆலோசனையில் மட்டும் நாளைக்கு வரச் சொல்வது எவ்வகையில் பொருந்தும்?

இச்சொற்றொடருக்கு நடைமுறையில் மற்றொரு விளைவும் உண்டு. "நாளைய திருச்சபை" என்று பெயரிட்டுவிட்டால், இன்றைய சபையின் பிழைகளைக் குறித்து இளைஞர் எழுப்பும் கேள்விகளுக்கு இன்றே விடையளிக்க வேண்டிய கடமை நமக்கு இல்லாமற்போகின்றது. "உங்கள் காலம் வரும்போது மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடலாம். அவர்கள் காலம் வரும்போது அவர்களும் நம்மைப்போலாகியிருப்பர். அல்லது நம்மிடையே இராமற்போயிருப்பர்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. வாலிபர் ஐக்கியத்தில் அவர்கள் பாடுகின்றனர், ஆலயத்தை அலங்கரிக்கின்றனர், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கின்றனர். திருமணமாகி வேறு ஊருக்குச் செல்லும் நாளில் அவர்கள் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்குகின்றது. சென்ற இடத்திலோ அவர்கள் இன்னாருடைய மருமகளாக மட்டுமே அறியப்படுகின்றனர். "நாளை" என்று நாம் சொன்ன அந்த நாள் அவர்களுள் பலருக்கு வருவதேயில்லை.

2. இவ்வூழியம் தோன்றிய வகை

இன்று நாம் காணும் இளைஞர் இயக்கங்கள் தோன்றிய காலத்தை நோக்கினால், அவை இத்தகைய காத்திருப்புக் கூடங்களாகத் தோன்றவில்லை என்பது விளங்கும்.

1844ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு துணி வணிக நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞர்கள் சிலர் கூடி ஒரு சங்கத்தை அமைத்தனர். அதற்கு முன்னின்ற ஜார்ஜ் வில்லியம்ஸ் அப்போது 22 வயதினர். நாட்டுப்புறத்திலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்து, நெடுநேரம் உழைத்து, பணியிடத்திலேயே தங்கிய வாலிபரின் ஆன்மிக நலனே அவர்கள் கவலையாயிருந்தது. ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் இவ்வாறு பிறந்தது. மூத்தோர் இளைஞருக்காக ஏற்படுத்திய அமைப்பன்று அது. இளைஞர் தம் உடன் தொழிலாளருக்காக ஏற்படுத்தியது. அது பிறந்த இடமும் ஆலயமன்று, பணியிடமே என்பதை நாம் கவனிக்க வேண்டும். அந்த வாலிபரை உள்ளூர்ச் சபைகள் போதிய அளவு தேடிச் செல்லாத குறையையும் அது சுட்டிக்காட்டுகின்றது.

1881ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அமெரிக்காவின் மேயின் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில், வில்லிஸ்டன் சபையின் போதகராயிருந்த பிரான்சிஸ் கிளார்க் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தைத் தொடங்கினார். அவருக்கு வயது 29. அவ்வாண்டின் தொடக்கத்தில் சபையின் இளைஞர் பலர் விசுவாசத்தில் உயிர்ப்படைந்திருந்தனர். அந்த அனல் தணியாமல் அவர்களை வளர்ப்பது எவ்வாறு என்பதே போதகரின் கேள்வி. அவர் கண்ட விடை எளியது: அவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ஒவ்வோர் உறுப்பினரும் கூட்டத்துக்கு வருவதோடு நில்லாமல் அதில் ஏதேனும் ஒரு பங்கு எடுப்பதாக உறுதிமொழி அளித்தார். பணிகள் குழுக்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அச்சங்கம் உள்ளூர்ச் சபைக்குள்ளேயே, அதன் போதகரின் அரவணைப்பிலேயே இயங்கியது.

நம் நாட்டிலோ, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாக 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, இருபது வயதைத் தாண்டியவுடன் ஒய்.எம்.சி.ஏ. செயலராகப் பணியாற்றத் தொடங்கினார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தாமே நற்செய்திப் பணியாளரை அனுப்பித் தாங்குவதைக் கண்டு, தம் சொந்தச் சபை அவ்வாறு செய்யவில்லையே என்று உள்ளம் நொந்தார். மறு ஆண்டே இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. அப்போது அவருக்கு 28 வயது. 1905ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோதும் அவர் முன்னணியில் நின்றார். 1912இல் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

இவ்வரலாற்றை நாம் பெருமையோடு சொல்கின்றோம். ஆனால் இன்று 28 வயதுள்ள ஒருவர் நம் சேகரக் குழுவின் முன் வந்து, இச்சபை செய்யத் தவறிய கடமை ஒன்று உண்டு என்று கூறினால் நாம் என்ன விடை சொல்வோம்? முதலில் அவர் யாருடைய மகன் என்று கேட்போம். பிறகு வாலிபர் ஐக்கியத்தில் என்ன பொறுப்பிலிருக்கின்றார் என்று கேட்போம். அவர் கொண்டுவந்த செய்தி மூன்றாவதாகவே நம் செவியில் விழும்.

3. ஒரு சுவரும் ஒரு கோப்பையும்

பிறரைக் குறைகூறுவதற்கு முன் என் குறையைச் சொல்வது முறையாகும். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் முதன்முதல் பொறுப்பேற்ற சேகரத்தில் நல்லதொரு வாலிபர் ஐக்கியம் இருந்தது. இருபது பேருக்குக் குறையாமல் மாதந்தோறும் கூடுவர். அசன விருந்துக்கு விறகு சுமப்பதும், விறகடுப்பின் முன் இரவெல்லாம் விழித்திருப்பதும், விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துவதும் அவர்களே. நல்ல வாலிபர் ஐக்கியத்தை உடைய ஆயர் என்று பிறர் என்னைப் பாராட்டினர்.

அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர் இருந்தது. எதற்காகக் கட்டப்பட்டது என்று யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். பல ஆண்டுகள் ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கிய ஒரு முதிய தாயார் இறந்தபோது, சுவருக்கு அப்பால், வேலியோரத்தில் அடக்கம் செய்தோம். அடக்க ஆராதனையை நடத்தியவன் நானே. அம்மாதக் கூட்டத்தில் வாலிபருள் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்தச் சுவரைப் பற்றிச் சேகரக் குழுவில் பேச வேண்டுமென்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், நீங்கள் அதை எடுத்துக்கொள்வீர்களா?" என்று பணிவோடு கேட்டார். மற்றவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். நான், "தம்பி, அது பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம். அடுத்த மாதம் வினாடி வினாப் போட்டி வருகிறது. நீங்கள் அதற்கு ஆயத்தப்படுங்கள்" என்றேன்.

அவர்கள் ஆயத்தப்பட்டார்கள். முதற்பரிசும் பெற்றார்கள். அந்தக் கோப்பையை ஆலயத்தின் பக்க அறையில் கண்ணாடிப் பேழையில் வைத்தோம். இரண்டு ஆண்டுகளுக்குள் அக்குழுவில் பாதிப்பேர் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டனர். வேலை, படிப்பு, வேறு ஜெபக்கூடங்கள் எனக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. காலத்தின் போக்கு என்று நானும் அறிக்கையில் எழுதினேன். பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டில், கேள்வி கேட்ட அந்த வாலிபரைச் சந்தித்தேன். தலை நரைத்திருந்தது. அன்போடு நலம் விசாரித்தார். பிறகு, "ஐயா, அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். "சுவரும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அவர் எழுப்பிய கேள்வி புதியதுமன்று. 1833ஆம் ஆண்டிலேயே கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன், சாதி வேறுபாட்டைச் சபை முற்றிலும் கைவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குச் சுற்றுமடல் விடுத்தார். அதனால் எழுந்த எதிர்ப்பையும் பிரிவினையையும் திருச்சபை வரலாற்று வகுப்பில் நான் கற்பிப்பதுண்டு. வகுப்பில் கற்பிக்கத் துணிந்ததைக் கூட்டத்தில் கேட்கத் துணியவில்லை.

1 சாமுவேல் 3ஆம் அதிகாரத்தை நாம் வழக்கமாகச் சிறுவன் சாமுவேலின் கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாகப் பிரசங்கிக்கின்றோம். ஏலியின் பக்கத்திலிருந்தும் அதை வாசிக்க வேண்டும். அம்முதியவர் பல வகையிலும் தவறியவர், தம் பிள்ளைகளைத் திருத்தாதவர், கண் மங்கியவர். ஆயினும் இரண்டு காரியங்களில் அவர் உண்மையுள்ள ஆசாரியராக நின்றார். சிறுவனை அழைப்பவர் ஆண்டவரே என்று உணர்ந்து, எவ்வாறு செவிகொடுப்பது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் காலையில், செய்தி தம் குடும்பத்துக்கு எதிரானதாயிருக்கலாம் என்று அறிந்தும், ஒன்றையும் மறைக்காமல் சொல்லும்படி அவனை வற்புறுத்தினார். சொன்னதைக் கேட்டபின் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. இளைஞர் ஊழியத்துக்குத் திருமறை தரும் இலக்கணம் இதுவே எனக் கருதுகின்றேன். நான் ஏலி செய்த அளவுகூடச் செய்யவில்லை.

4. எழக்கூடிய தடைகள்

இங்கே சில தடைகள் எழுவது இயல்பு. இளைஞர் முதிர்ச்சியற்றவர், பொறுப்பைப் பாதியில் விட்டுவிடுவர் என்பது ஒன்று. உண்மைதான். யோவான் எனப்பட்ட மாற்கு அவ்வாறே பம்பிலியாவில் பணியை விட்டுத் திரும்பினான். அவனை மீண்டும் அழைத்துச் செல்லலாகாது என்று பவுல் மறுத்தபோது, பர்னபா அவனைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். பிற்காலத்தில் ஊழியத்துக்கு அவன் பயனுள்ளவன் என்று பவுலே எழுதியனுப்பினார் (2 தீமோ. 4:11). பர்னபா காத்திராமற்போயிருந்தால் பவுலுக்கு அப்படி எழுத வாய்ப்பேது?

இளைஞர் ஆலோசனையால் ரெகொபெயாம் அரசை இழந்தானே என்பது மற்றொரு தடை. 1 இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தைக் கூர்ந்து நோக்கினால், அரசன் முதியோரைத் தனியே கேட்டான்; தன்னோடு வளர்ந்த வாலிபரைத் தனியே கேட்டான். இரு சாராரும் ஒருங்கே அமர்ந்து பேசியதாக அங்குக் காணோம். அவ்வாலிபர் அரண்மனையில் அரசனோடு வளர்ந்தவர்கள். மக்களின் நுகத்தை அறியாதவர்கள். வாலிபரைத் தனிக்குழுவாக ஒதுக்கிவைத்து, முதியோரோடு உரையாடப் பழக்காத சபையும் இத்தகைய ஆலோசனையையே ஒருநாள் பெறும்.

மூன்றாவது தடையே கவலைக்குரியது. நம் திருச்சபைத் தேர்தல்களில் ஊடுருவியுள்ள கட்சி மனப்பான்மையில் இளைஞர் சிக்கிக்கொள்வர் என்பது அது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்சி சேர்ப்போர் அந்த இளைஞனிடம் என்ன கொடுக்கின்றனர்? ஒரு பொறுப்பைக் கொடுக்கின்றனர். அவன் பெயரைச் சொல்லி அழைக்கின்றனர். அவன் சொல்வதைக் கேட்பதாகக் காட்டிக்கொள்கின்றனர். ஆயர் கொடுக்க மறுத்ததை அவர்கள் கொடுக்கின்றனர். உண்மையான பொறுப்பைச் சபையில் பெறாதவன், போலியானதை எங்கு கிடைத்தாலும் ஏற்றுக்கொள்வான்.

5. செய்யத்தக்கவை

பெரும் திட்டங்களைக் கூற நான் முற்படவில்லை. ஒரு சாதாரணச் சேகரத்தில் ஓர் ஆயர், மேலிடத்து அனுமதியோ நிதியோ இன்றிச் செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் குறிப்பிடுகின்றேன்.

முதலாவது, சபையின் ஆண்டுக் கணக்கையும், சேகரக் குழு ஆராயவிருக்கும் காரியங்களையும் வாலிபர் ஐக்கியத்தில் வாசித்து விளக்குதல். காணிக்கைப் பையை ஏந்துபவர் அக்காணிக்கை எங்குச் செல்கின்றது என்று அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வாலிபர் எழுப்பும் கேள்வி எதுவாயினும் அதைக் குழுவின் முன் வைத்து, விடையை அவர்களுக்குத் திரும்பக் கொண்டுவருதல். விடை "இயலாது" என்பதாகவும் இருக்கலாம்; ஆனால் காரணத்தோடு சொல்லப்பட வேண்டும். காரணம் சொல்லப்படுகின்ற மறுப்பு ஒருவரை மதிக்கின்றது. விடையே வராத மௌனம் அவரை வெளியேற்றுகின்றது.

மூன்றாவது, நோயாளிகளையும் முதியோரையும் சந்திக்கச் செல்லும்போது, மூத்தவர் ஒருவரும் வாலிபர் ஒருவருமாக இணைத்து அனுப்புதல். இருவரும் ஒரே கட்டிலருகே நின்று ஜெபித்தபின், அவர்களிடையே உள்ள தலைமுறை இடைவெளியைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தத் தேவையிராது.

நான்காவது, படிப்புக்கோ வேலைக்கோ ஊரை விட்டுச் செல்லும் வாலிபரைக் குறித்துப் பதிவேடு ஒன்று வைத்திருத்தல். இன்று நம் கிராமச் சபைகளின் பிள்ளைகள் பதினெட்டு வயதில் சென்னைக்கும் பெங்களூருக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிடுகின்றனர். 1844இல் இலண்டனில் துணிக்கடை வாலிபர் இருந்த நிலையில் இன்று நம் பிள்ளைகள் இருக்கின்றனர். செல்லுமிடத்து ஆயருக்கு ஒரு கடிதம் எழுதுவதும், மாதம் ஒருமுறை தொலைபேசியில் அழைத்து நலம் கேட்பதும் பெரிய காரியமன்று. ஊரை விட்டுச் சென்றவர் நம் மந்தையை விட்டுச் சென்றவராகார்.

6. இறையியற் கல்லூரிக்கு ஒரு சொல்

இறுதியாக, நம் கல்லூரிகளையும் தப்பவிடலாகாது. வார இறுதிப் பணிக்காக மாணவரைச் சபைகளுக்கு அனுப்பும்போது, முதலாமாண்டு மாணவருக்கு நாம் என்ன பணி கொடுக்கின்றோம்? ஞாயிறு பள்ளியும் வாலிபர் கூட்டமுமே. அருளுரையாற்றப் பழகாதவர், திருவிருந்து பரிமாற உரிமை பெறாதவர், ஓராண்டில் வேறு சபைக்கு மாற்றப்படுகிறவர், இவரே இளைஞருக்குப் போதுமானவர் என்று நாம் சொல்லாமற் சொல்லுகின்றோம். மாணவரும் இதனை உயர்ந்த ஊழியத்துக்கு ஏறும் முதற்படியாகவே எண்ணி, குருப்பட்டம் பெற்றவுடன் அப்படியை விட்டு ஏறிவிடுகின்றனர். இளைஞரோ ஆண்டுதோறும் புதிய ஒருவரோடு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.

மாணவர் அப்பணியைச் செய்யலாகாது என்று நான் சொல்லவில்லை. ஆயரும் உடனிருக்க வேண்டும் என்றே சொல்லுகின்றேன். சபையின் மிகக் கடினமான கேள்விகள் வாலிபர் கூட்டத்தில்தான் எழுகின்றன. அவற்றைக் கேட்க அங்கே இருக்க வேண்டியவர், அவற்றுக்கு விடையளிக்கும் பொறுப்பை உடையவரே.

இவ்வாண்டும் வாலிபர் ஞாயிறு வரும். பாராட்டுரை வழங்கும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கும். அன்று "நாளைய திருச்சபை" என்று சொல்லும் முன், அவர்கள் கடைசியாக நம்மிடம் கேட்ட கேள்வி எது, அதற்கு நாம் என்ன விடை சொன்னோம் என்று ஒவ்வோர் ஆயரும் நினைத்துப் பார்ப்பாராக. விடை சொல்லாதிருந்தால், பாராட்டுரையைக் கைவிட்டு அந்த விடையையே சொல்லலாம்.

நான் சொல்லாமல் விட்ட விடையைச் சொல்ல அச்சேகரத்துக்கு ஒருமுறை திரும்பிச் செல்ல எண்ணியிருக்கின்றேன். கேட்டவர்களுள் எத்தனை பேர் அங்கே இருப்பார்களோ, அறியேன். சுவர் இருக்கும் வரை கேள்வியும் இருக்கும்.